கண் செல்லும் வழி

நுழையும்முன்

கட்டடம் ஒன்றை எழுப்புவோர் அதன் உறுதியையும் பயனையும் அழகையும் எண்ணுவர். அது எழுந்த பிறகு, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை எவ்வாறு தோன்றும் என்பதையும் எண்ண வேண்டும். காண்பவரின் கண்ணுக்கும் காணப்படும் பொருளுக்கும் இடையே உள்ள வெளி வெறுமையானதன்று. அதுவும் கட்டடக்கலையின் ஒரு பகுதியே. கேளிக்கைப் பூங்காக்களின் சவாரிக் கூடங்கள் முதல் குமரிமுனையின் நினைவுச் சின்னங்கள் வரை, அந்த வெளி எவ்வாறு ஆளப்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கடல்முனையில் ஒரு காலை

கன்னியாகுமரிக் கடற்கரையில் விடியலுக்கு முன்பே மக்கள் கூடிவிடுகின்றனர். கிழக்கு வெளுக்கும்போது கூட்டத்தில் ஒரு சிறு அசைவு உண்டாகிறது. விளக்குக் கம்பம் மறைக்கிறது என்று ஒருவர் இரண்டடி விலகி நிற்கிறார். முன்னால் நிற்போரின் தலைகளுக்கு மேலே தெரிய வேண்டும் என்று தந்தை ஒருவர் தம் மகளைத் தோளில் தூக்கிக்கொள்கிறார். கைப்பிடிச் சுவரின்மீது ஏற முயலும் சிறுவனைக் காவலர் இறக்கிவிடுகிறார். கதிரவன் கடலிலிருந்து எழும் அந்தச் சில நொடிகளுக்காக ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வழியைத் தேடுகின்றனர். அது கால் நடக்கும் வழியன்று. கண் செல்லும் வழி.

கண்ணிலிருந்து காணும் பொருள்வரை தடையின்றிச் செல்லும் இந்த நேர்க்கோட்டைப் பார்வைக்கோடு என்பர். இடையில் ஒரு சுவரோ மரமோ விளம்பரப் பலகையோ நின்றால் அக்கோடு அறுபடும். பொருளுக்குப் பின்னால் பொருந்தாத ஒன்று எழுந்தால் கோடு அறுபடாது. ஆனால் காட்சி குலையும். எனவே, பார்வைக்கோட்டைப் பற்றி எண்ணுவோர் மூன்று இடங்களை நோக்குவர்: காண்பவர் நிற்கும் இடம், இடைவெளி, பின்புலம்.

நிலமும் கருப்பொருளும்

ஓர் இடத்திற்குள் நுழைபவர் தம்மை மறந்து அவ்விடத்தோடு ஒன்றிவிட வேண்டுமானால், அங்குக் காண்பன யாவும் ஒன்றோடொன்று இயைந்திருக்க வேண்டும். தமிழர்க்கு இக்கருத்து புதியதன்று. அகப்பாடல்களில் நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்திற்குரிய மரமும் பூவும் பறவையும் பறையும் தொழிலும் கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். நெய்தல் நிலத்தைப் பாடும் புலவர் உப்பங்கழியையும் புன்னை மரத்தையும் கடற்காக்கையையும் காட்டும்போது, படிப்பவர் அக்கரையில் தாமே நிற்பதுபோல் உணர்கின்றார்.

திணைகள் ஒன்றோடொன்று மயங்குதலைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. எனினும் இரண்டு நிலங்கள் ஓரிடத்தில் மயங்குதல் இல்லை என்கிறார். உணர்வுகள் கலக்கலாம், நிற்கும் மண் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

இக்காலத்தில் ‘தீம் பார்க்’ எனப்படும் கேளிக்கைப் பூங்காவைக் கருப்பொருள் பூங்கா என்று தமிழில் வழங்குகிறோம். இப்பெயர் பொருத்தமானதே. சாதாரண கேளிக்கைப் பூங்காவில் இராட்டினங்களும் நீர்ச்சறுக்குகளும் அடுத்தடுத்து நிற்கும். கருப்பொருள் பூங்காவிலோ ஒவ்வொரு பகுதியும் ஒரு கதைக்களம். கட்டடத்தின் வடிவம், நிறம், பணியாளர் உடை, ஒலி, மணம் ஆகிய யாவும் அக்களத்திற்குரியனவாக அமையும். காடாக அமைக்கப்பட்ட பகுதியில் நிற்பவருக்கு அடுத்த பகுதியின் விண்கலம் தெரிந்துவிட்டால், அங்கே இரண்டு நிலங்கள் மயங்கிவிடுகின்றன, காடு அட்டைக்காடாகிவிடுகிறது.

மறைக்கும் கலை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அனஹெய்ம் என்னும் ஊரில் 1955ஆம் ஆண்டு டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அதைச் சுற்றி உயரமான மண்மேடு ஒன்று எழுப்பப்பட்டு, அதன்மேல் சிறு இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. நுழைபவர் அம்மேட்டின் அடியிலுள்ள சுரங்க வழியாக உள்ளே வருவர். வெளியுலகம் பின்னே மறையும். உள்ளுலகம் முன்னே விரியும். உள்ளிருந்து பார்ப்பவருக்குச் சாலைகளோ மின்கம்பங்களோ தெரியக் கூடாது என்பதே மண்மேட்டின் நோக்கம்.

அங்குள்ள கோட்டையின் உயரம் 77 அடிதான். ஆயினும் அது மிக உயரமாகத் தோன்றும். மேலே செல்லச் செல்லக் கற்களின் அளவையும் சாளரங்களின் அளவையும் குறைத்துக் கட்டியிருப்பதே காரணம். சிறியதாகத் தெரிவது தொலைவில் இருக்கிறது என்று நம் கண் கொள்ளும் பழக்கத்தை வல்லுநர்கள் பயன்படுத்திக்கொண்டனர்.

இப்பூங்காக்களின் பெருஞ்சிக்கல் சவாரிக் கூடங்களே. காட்சிகளினூடே வண்டியிலோ படகிலோ செல்லும் சவாரிகளுக்குப் பெரிய கூடம் வேண்டும். அது உண்மையில் ஒரு கிடங்கைப் போன்றது, சாளரமற்றது, அழகற்றது. அதை எங்கே வைப்பது? டிஸ்னிலாந்தின் பேய் மாளிகைச் சவாரியில் இதற்கு ஒரு விடை கண்டனர். பார்வையாளர் முதலில் நுழைவது சிறியதோர் அழகிய மாளிகை. அங்குள்ள ஓர் அறை, மின்தூக்கியைப் போல அவர்களைக் கீழே இறக்குகிறது. இருப்புப்பாதையின் அடியாகச் செல்லும் வழியில் நடந்து, மண்மேட்டுக்கு அப்பாலுள்ள பெருங்கூடத்தை அவர்கள் அடைகின்றனர். தாங்கள் பூங்காவின் எல்லையைக் கடந்துவிட்டதைப் பலர் உணர்வதேயில்லை. பெரிய கட்டடம் இருக்கிறது. ஆனால் அது யாருடைய பார்வைக்கோட்டிலும் நிற்கவில்லை.

எல்லாக் கட்டடங்களையும் இவ்வாறு மறைக்க இயலாது. புளோரிடா மாநிலத்திலுள்ள டிஸ்னி பூங்கா ஒன்றில் 1994ஆம் ஆண்டு 199 அடி உயரமுள்ள சவாரிக் கோபுரம் எழுந்தது. பக்கத்திலுள்ள எப்காட் என்னும் மற்றொரு பூங்காவிலிருந்து நோக்கினால், அங்குள்ள மொராக்கோ நாட்டுக் கட்டடங்களுக்குப் பின்னால் அது தெரியும். எனவே, அதன் உச்சியின் வடிவத்தையும் நிறத்தையும் மொராக்கோக் கட்டடக்கலையோடு இயையுமாறு அமைத்தனர். 200 அடியை எட்டினால் விமானங்களுக்காக எச்சரிக்கை விளக்கு பொருத்த வேண்டியிருக்கும். அது கதையைக் குலைக்கும் என்பதால் ஓரடி குறைத்தே கட்டினர். மறைக்க முடியாததை இயைவித்தனர்.

அதே எப்காட் பூங்காவில் 2022ஆம் ஆண்டு ‘காஸ்மிக் ரீவைண்ட்’ என்னும் கூரையிட்ட ரோலர் கோஸ்டர் சவாரி திறக்கப்பட்டது. சவாரி பலரால் பாராட்டப்பட்டது. ஆனால், பெரும் பெட்டியைப் போன்ற அதன் கூடம் பூங்காவின் பிற பகுதிகளிலிருந்தும் தெரிவது குறித்துப் பார்வையாளரிடையே விவாதம் எழுந்தது. உள்ளே இருப்போருக்கு இன்பம் தரும் கட்டடம், வெளியே நிற்போரின் காட்சியில் குறுக்கிடலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

தெரிந்து தெளிவோம்
டிஸ்னிலாந்து திறக்கப்பட்டதும் அதைச் சுற்றித் தங்கும் விடுதிகளும் கடைகளும் நெருங்கி எழுந்தன. மண்மேடு இருந்தும் அவற்றைத் தடுக்க வழியில்லை. இதிலிருந்து பாடம் கற்றவர்கள், புளோரிடாவில் அடுத்த பூங்காவைத் தொடங்குமுன் ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலத்தை வாங்கினர். சுற்றியுள்ள வெளியைத் தம் கையில் வைத்திருப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.

கற்றளி கட்டியோர் அறிந்த கலை

கண் செல்லும் வழியை ஆளும் இக்கலை நம் மண்ணுக்குப் பழையது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரமுடையது. அதன் முன்னுள்ள கேரளாந்தகன் திருவாயிலும் இராசராசன் திருவாயிலும் அதைவிட மிகத் தாழ்ந்தவை. எனவே, தொலைவிலிருந்து வருபவரின் கண் வாயில்களைத் தாண்டி விமானத்திலேயே சென்று நிற்கும். பிற்காலக் கோயில்கள் பலவற்றில் இம்முறை மாறியது. வாயிற்கோபுரம் ஓங்கியது, கருவறை விமானம் சிறியதாயிற்று. ஊருக்கு வெளியே வயல் வரப்பில் நிற்பவருக்கும் கோயில் இருக்கும் திசையை அறிவிப்பது கோபுரத்தின் பணியாயிற்று.

நாஞ்சில் நாட்டின் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் இதற்கு நல்ல சான்று. அதன் கோபுரம் ஏழு நிலைகளோடு 134 அடி உயர்ந்து நிற்கிறது. மேலுள்ள ஒவ்வொரு நிலையும் கீழுள்ளதைவிட அகலத்திலும் உயரத்திலும் குறைந்துகொண்டே செல்வதால், கோபுரம் தன் அளவினும் மிகுந்து வானை நோக்கி எழுவதுபோல் தோன்றும். டிஸ்னிலாந்துக் கோட்டையில் கண்ட உத்தியும் இதுவே. அருகிலுள்ள தெப்பக்குளம் கோபுரத்தின் நிழலுருவை ஏந்துகிறது. குளத்தின் பரப்பு திறந்தவெளியாக இருப்பதால், எதிர்க்கரையில் நிற்பவருக்குக் கோபுரம் அடிமுதல் முடிவரை தடையின்றித் தெரிகிறது. நீராடும் இடமாகிய குளம், காணும் இடமாகவும் பயன்படுகிறது.

உள்ளே நுழைந்ததும் காட்சி மாறுகிறது. நீண்ட திருச்சுற்றுகளில் பாவைவிளக்கு ஏந்திய மகளிர் சிற்பங்கள் கொண்ட தூண்கள் வரிசையாக நிற்கின்றன. தூண் வரிசை தொலைவில் ஒரு புள்ளியில் குவிவதுபோல் தோன்றுகிறது. வெளியே வானளவு விரிந்த கண், உள்ளே படிப்படியாக ஒடுங்கி, இருளும் சிற்றொளியும் கூடிய கருவறையில் சென்று நிலைபெறுகிறது.

கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலில் கிழக்கு வாயில் ஆண்டின் சில நாள்களில் மட்டுமே திறக்கப்படுகிறது. மற்ற நாள்களில் மக்கள் வடக்கு வாயில் வழியாகவே செல்கின்றனர். அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கமென்று கருதி வந்த மரக்கலங்கள் பாறைகளில் மோதியதால் அவ்வாயில் அடைக்கப்பட்டது என்று செவிவழிக் கதை ஒன்று கூறுகிறது. கதை எவ்வாறாயினும், கருவறைக்கும் கடலுக்கும் இடையே ஒரு நேர்க்கோடு உண்டு என்பதை மக்கள் நினைவில் வைத்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

பார்வையைத் திறப்பது ஒரு கலை என்றால், அதை அளந்து கொடுப்பது மற்றொரு கலை. 1795ஆம் ஆண்டுவரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய பத்மநாபபுரத்தின் அரண்மனையில் இதனைக் காணலாம். வேளிமலையின் அடிவாரத்தில் அமைந்த அம்மர மாளிகையின் ஓட்டுக் கூரைகள் சரிந்து தாழ்ந்திருக்கும். சாய்வாக அமைந்த மரச்சட்டங்களினூடே காற்றும் ஒளியும் புகும். உள்ளிருப்பவர் வெளியே காணலாம், வெளியே நிற்பவர் உள்ளே காண இயலாது. யானையின் அம்பாரி வடிவில் தெருவை நோக்கி முன்தள்ளிய மாடமோ இதற்கு எதிரானது. அங்கு அமர்ந்து அரசர் திருவிழா ஊர்வலங்களைக் காண்பார். தெருவில் நிற்போர் அரசரைக் காண்பர்.

முக்கடல் முனையில் நான்கு கட்டுமானங்கள்

குமரிமுனையின் இன்றைய தோற்றம் ஒரே காலத்தில் உருவானதன்று. முதலில் கரையில் காந்தி மண்டபம் 1956ஆம் ஆண்டு எழுந்தது. காந்தியடிகள் தம் 79ஆம் அகவையில் மறைந்ததைக் குறிக்கும் வகையில் அதன் நடுக்கோபுரம் 79 அடி உயரத்தில் அமைந்தது. அக்டோபர் 2ஆம் நாள் நண்பகலில், அவரது அஸ்திக் கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில் கதிரொளி விழுமாறு கூரையில் துளை அமைக்கப்பட்டுள்ளது. கதிரவனிலிருந்து பீடத்திற்கு வரையப்பட்ட பார்வைக்கோடு என்று அதனைக் கூறலாம்.

அடுத்து, கடலினுள் உள்ள பாறையில் விவேகானந்தர் நினைவு மண்டபம் எழுந்தது. 1892ஆம் ஆண்டு டிசம்பரில் விவேகானந்தர் தவமிருந்த பாறை அது. ஏகநாத் ரானடேயின் பெருமுயற்சியால் உருவான அம்மண்டபம், 1970ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதே பாறையில் குமரியம்மனின் திருவடித் தடம் என்று மக்கள் போற்றும் இடத்தில் சிறியதொரு மண்டபம் உள்ளது. விவேகானந்தர் சிலையின் நோக்கு அத்திருவடி மண்டபத்தை நோக்கிச் செல்லுமாறு இரண்டு கட்டடங்களையும் எதிரெதிரே அமைத்துள்ளனர். இவ்விரண்டிற்கும் நடுவே உயரமான ஒன்றை எழுப்பினால், சிலையும் இருக்கும், திருவடித் தடமும் இருக்கும். ஆனால் அவற்றை இணைக்கும் பொருள் அற்றுவிடும்.

மூன்றாவதாக, பக்கத்துப் பாறையில் திருவள்ளுவர் சிலை எழுந்தது. கணபதி சிற்பியின் வடிவமைப்பில் உருவான அச்சிலை 2000ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் திறக்கப்பட்டது. பீடத்தின் உயரம் 38 அடி. அஃது அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கும். சிலையின் உயரம் 95 அடி. அது பொருட்பால், இன்பத்துப்பால் ஆகியவற்றின் 95 அதிகாரங்களைக் குறிக்கும். பொருளும் இன்பமும் அறத்தின்மேல் நிற்க வேண்டும் என்பதே அவ்வடிவத்தின் கருத்து. மொத்தம் 133 அடி. இச்சிலை வந்த பின் கரையில் நிற்பவரின் கண் முதலில் இதனிடத்தே செல்கிறது. முப்பது ஆண்டுகளாக வானும் கடலும் மட்டுமே சூழத் தனித்து நின்ற விவேகானந்தர் மண்டபம், இரண்டில் ஒன்றாயிற்று. முன்னதன் ஒரு கல்லையும் தொடாமலே பின்னது அதன் தோற்றத்தை மாற்றிவிட்டது.

நான்காவது, இவ்விரு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடி இழைப்பாலம். 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட அது, சிலையின் வெள்ளிவிழாவையொட்டி 2024ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் திறக்கப்பட்டது. இதன் தேவை உண்மையானது. நீர்மட்டம் தாழ்ந்த வேளைகளில் படகுகள் சிலையுள்ள பாறையை நெருங்க இயலாமையால், மண்டபம்வரை சென்றும் வள்ளுவரைக் காணாது திரும்பியோர் பலர். பாலம் அக்குறையை நீக்கியது. காலடியில் அலை புரள்வதைக் காணும் புதிய இடம் ஒன்றையும் தந்தது. அதே வேளையில், இரண்டு பாறைகளுக்கும் இடையே கடல் மட்டும் தெரிந்த வெளியில் இன்று வில் வடிவ வளைவு ஒன்று தெரிகிறது. அது காட்சியைக் கூட்டியதாகக் கருதுவோரும் உண்டு. குறைத்ததாகக் கருதுவோரும் உண்டு. இரு சாராரும் ஒன்றை ஒப்புக்கொள்வர்: பாலம் அங்குள்ள எல்லாவற்றின் தோற்றத்தையும் மாற்றியிருக்கிறது.

எளிய கணக்கு ஒன்று

காட்சியை மறைப்பவை உயரமான கட்டடங்களே என்று நாம் எண்ணுகிறோம். ஒத்த முக்கோணங்களைப் பயன்படுத்தி இதனைச் சோதித்துப் பார்ப்போம். ஒருவர் திருவள்ளுவர் சிலையிலிருந்து 600 மீட்டர் தொலைவில் ஒரு தெருவில் நிற்பதாகக் கொள்வோம். அவர் கண்ணின் உயரம் 1.5 மீட்டர். பீடத்தோடு சிலையின் உயரம் ஏறத்தாழ 40.5 மீட்டர். பாறையின் உயரத்தையும் தரையின் மேடுபள்ளத்தையும் கணக்கில் கொள்ளாது விடுவோம்.

கண்ணிலிருந்து சிலையின் உச்சிவரை செல்லும் கோடு, 600 மீட்டரில் 39 மீட்டர் உயர்கிறது. எனவே, அவருக்கு முன்னால் 300 மீட்டர் தொலைவில் அக்கோட்டின் உயரம் 21 மீட்டர். அங்கே ஏறத்தாழ ஏழு மாடிக் கட்டடம் எழுந்தால்தான் சிலை முழுவதும் மறையும். 50 மீட்டர் தொலைவிலோ கோட்டின் உயரம் 4.75 மீட்டர்தான். கூரையின்மேல் விளம்பரப் பலகை வைத்த ஒரு சிறு கடையே அங்குப் போதும். 133 அடிச் சிலை முற்றிலும் மறைந்துவிடும்.

அதே 50 மீட்டர் தொலைவில் 3 மீட்டர் உயரமுள்ள சுவர் மட்டும் இருந்தால் என்னாகும்? சிலையின் அடியிலிருந்து 19.5 மீட்டர் உயரம்வரை மறையும். பீடத்தின் உயரம் ஏறத்தாழ 11.6 மீட்டரே ஆதலால், அது முழுவதும் மறைந்து, சிலையின் மேற்பகுதி மட்டுமே தெரியும். பார்ப்பவர், ‘சிலைதான் தெரிகிறதே’ என்று நிறைவடையலாம். ஆனால், அவர் கண்ணுக்கு அறத்துப்பால் இல்லை. சிற்பி கல்லில் எழுதிய கருத்து பாதியாகிவிட்டது.

இக்கணக்கு உணர்த்துவது யாது? காட்சியைக் காப்பது பெருங்கட்டடங்களைத் தடுப்பதோடு முடிவதில்லை. காண்பவருக்கு அருகிலுள்ள சிறு கடை, பலகை, பந்தல், மின்கம்பம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதிலும் அடங்கியிருக்கிறது. அவை சிறு வணிகரின் பிழைப்போடு தொடர்புடையவை. ஆதலால் அகற்றுதல் என்பதைவிட இடம் மாற்றியமைத்தல் என்பதே பொருத்தமான வழி.

காட்சியைக் காக்கும் நெறிகள்

காட்சி யாருடைய உடைமை? நிலத்திற்குப் பட்டா உண்டு. பார்வைக்கோட்டிற்குப் பட்டா இல்லை. அதனால்தான் பொதுவிதிகள் தேவைப்படுகின்றன. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்திற்குள் கட்டடங்களின் உயரம் 9 மீட்டரைக் கடக்கக் கூடாது என்று அரசு விதித்துள்ளது. கோபுரங்களே நகரில் ஓங்கித் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர்வரை புதிய கட்டுமானத்திற்குத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டர்வரை கட்டுப்பாடும் நடைமுறையில் உள்ளன. நம் மாவட்டத்தின் வட்டக்கோட்டை இத்தகைய சின்னங்களுள் ஒன்று.

இவ்விதிகள் தொலைவையும் உயரத்தையும் அளக்கின்றன. இலண்டன் நகரம் காட்சியையே வரையறுத்துள்ளது. ரிச்மண்ட் பூங்காவிலுள்ள ஒரு மேட்டிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தூய பவுல் பேராலயத்தின் குவிமாடம் தெரியும். அப்பார்வைக்கோட்டில் குறுக்கே எதுவும் எழாதவாறு விதிகள் காக்கின்றன. எனினும், 2016ஆம் ஆண்டளவில் பேராலயத்திற்குப் பின்னே, பல கிலோமீட்டர் அப்பால் எழுந்த உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று குவிமாடத்தின் பின்புலத்தில் தெரியத் தொடங்கியது, கண்டனங்களும் எழுந்தன. முன்வெளியைக் காத்த நகரம் பின்புலத்தில் தவறியது.

கட்டுமுன் சோதித்துப் பார்க்கும் எளிய வழியும் உண்டு. சுவிட்சர்லாந்தில் புதிய கட்டடம் எழவிருக்கும் இடத்தில், அதன் மூலைகளையும் உயரத்தையும் காட்டும் கம்பங்களை முன்னதாகவே நட்டு வைப்பர். ஊரார் தத்தம் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் அவற்றைப் பார்த்துக் கருத்துரைப்பர். வரைபடம் படிக்கத் தெரியாதவரும் கம்பத்தைப் பார்த்துக் கட்டடத்தின் உயரத்தை அறிந்துகொள்ளலாம். மூங்கில் கழிகளைக் கொண்டே நம் ஊரிலும் இதனைச் செய்ய இயலும்.

நிறைவாக

பாலை நீங்கலாக நால்வகை நிலமும் அமைந்தது குமரி மாவட்டம். மலையும் காடும் வயலும் கடலும் ஒரு நாள் நடையில் அடுத்தடுத்து வருவன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் இன்று காற்றாலைகள் சுழல்கின்றன. சாலையோரங்களில் விடுதிகள் எழுகின்றன. இனியும் பல எழும். மக்களுக்கு வேலையும் வருவாயும் வேண்டும். ஆதலால் கட்டாமல் இருக்க இயலாது. எவ்வாறு கட்டுவது என்பதே வினா.

கேளிக்கைப் பூங்காவை அமைப்போர், சில மணி நேரம் தங்கிச் செல்லும் பார்வையாளரின் மயக்கம் கலையாமலிருக்க ஒவ்வொரு கோட்டையும் அளக்கின்றனர். அவர்கள் காப்பது ஒரு கற்பனை உலகை. நாம் காக்க வேண்டியதோ உண்மையான கடலையும் உண்மையான மலையையும். பூங்கா பழுதானால் மண்மேட்டை உயர்த்தலாம். கூடத்திற்கு வேறு நிறம் பூசலாம். குமரிமுனைக்கு அடுத்த முனை இல்லை. எனவே, அங்கு ஒன்றை எழுப்புமுன், அதனுள் நின்று பார்ப்பதோடு அமையாது, தெருவில் நிற்பவர், படகில் வருபவர், தந்தையின் தோளில் அமர்ந்திருக்கும் குழந்தை ஆகியோரின் கண் வழியாகவும் பார்க்க வேண்டும்.

சொல்லும் பொருளும்
பார்வைக்கோடு – கண்ணிலிருந்து காணும் பொருள்வரை செல்லும் நேர்க்கோடு
பின்புலம் – காணும் பொருளுக்குப் பின்னால் அமைந்த வெளி
சவாரிக் கூடம் – கேளிக்கைச் சவாரி அமைந்துள்ள மூடிய கட்டடம்
கற்றளி – கல்லால் கட்டிய கோயில்
அம்பாரி – யானையின் முதுகில் வைக்கும் இருக்கை

கற்பவை கற்றபின்...
1. உங்கள் ஊரின் கோபுரம், தேவாலயம், பள்ளிவாசல், மலை, ஏரி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது முழுமையாகத் தெரியும் இடங்களையும் மறைந்துவிடும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்க.
2. உங்கள் தெருவில் முன்பு தெரிந்து இப்போது தெரியாத காட்சி ஒன்றைப் பற்றி வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டு எழுதி வகுப்பறையில் படிக்க.
3. ‘கண்ணாடி இழைப்பாலம் குமரிமுனையின் காட்சியைக் கூட்டியது / குறைத்தது’ என்னும் தலைப்பில் சொற்போர் நடத்துக.

நம்மை அளப்போம்

பலவுள் தெரிக
1. திருவள்ளுவர் சிலையின் பீடம் குறிப்பது
அ) அறத்துப்பால் ஆ) பொருட்பால் இ) இன்பத்துப்பால் ஈ) முப்பால்
2. 199 அடியோடு சவாரிக் கோபுரத்தை நிறுத்தியதற்குக் காரணம்
அ) நிலத்தின் உறுதியின்மை ஆ) எச்சரிக்கை விளக்கைத் தவிர்த்தல் இ) செலவைக் குறைத்தல் ஈ) காற்றின் வேகம்

குறுவினா
1. பார்வைக்கோட்டைப் பற்றி எண்ணுவோர் நோக்கும் மூன்று இடங்கள் யாவை?
2. சுசீந்திரம் கோபுரக் காட்சிக்குத் தெப்பக்குளம் எவ்வாறு துணைசெய்கிறது?

சிறுவினா
1. பேய் மாளிகைச் சவாரியில் பெருங்கூடம் மறைக்கப்பட்ட முறையை விளக்குக.
2. ‘முன்னதன் ஒரு கல்லையும் தொடாமலே பின்னது அதன் தோற்றத்தை மாற்றிவிட்டது’ – இத்தொடரின் பொருளை விளக்குக.

நெடுவினா
1. அகத்திணை மரபின் நிலம், கருப்பொருள் ஆகிய கருத்துகளைக் கருப்பொருள் பூங்காவின் அமைப்போடு ஒப்பிட்டு எழுதுக.
2. குமரிமுனையில் புதிய கட்டுமானம் ஒன்று எழவிருப்பதாகக் கொண்டு, அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளைப் பாடக் கருத்துகளின் துணையோடு விவரிக்க.